அக்காவின் கையால் ஒரு கிண்ணம்

1

என் அக்கா இறந்துபோன செய்தியை எனக்கு வாசித்துச் சொன்னது என் எட்டு வயது மகள். தான் என்ன வாசிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்கிற பிள்ளை அவள். அக்கா இறந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.

இது நடந்து இரண்டு கிழமையாகிறது. மொன்றியலில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டிகளை அடுக்கும்போது திடீரென்று கை நின்றுவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் போர்த்துக்கேயக் கிழவர் தோளைத் தட்டித்தான் என்னை எழுப்புகிறார். ஊரில் இருக்கும் நீங்கள் இதை வாசித்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குச் செத்தவீடு சொல்லாமல் விடுவது வழமைதானே, இதென்ன புதினம் என்று கேட்பீர்கள். வழமைதான். எனக்குத் தெரிந்தவர்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. அப்போது நானும் "பாவம், சொல்லாதேங்கோ" என்று தலையாட்டியிருக்கிறேன். அது என் வீட்டுக்குள்ளேயே வந்து குந்தியிருந்ததைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

முதலில் என் சனி ஞாயிறைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. சனிக்கிழமை காலை தமிழ்க்கடையில் அந்தக் கிழமைப் பத்திரிகையை வாங்குவேன். நடுவில் இருக்கும் விளையாட்டுப் பக்கத்தை உருவி எடுத்துக்கொண்டு மிச்சத்தை மனைவி ஜெயந்தியிடம் கொடுத்துவிடுவேன். அரசியலும் மரண அறிவித்தல்களும் அவளுக்கு. மத்தியானம் தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம். ஆட்டம் நடக்கும்போது என்னோடு கதைப்பவர் யாராயிருந்தாலும் சிவப்பு அட்டைதான். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குத் தமிழ்ப் பூசை. மாதத்தில் ஒரு தரம் முதலாம் வாசகம் வாசிக்கிற பொறுப்பு என்னுடையது. வந்து இரவுச் சாப்பாடு வரைக்கும் ஒரு புத்தகம். பனி கொட்டினாலும் வெயில் எறித்தாலும் இதில் மாற்றமில்லை.

"உங்கட அப்பா தாலி கட்டின கையோட ஸ்கோர் கேட்டவர்" என்று ஜெயந்தி பிள்ளைகளுக்குச் சொல்லுவாள். அது பொய். கேட்டது நானல்ல, அக்கா.

2

அக்காவின் பெயர் பிலோமினா. எனக்குப் பதினான்கு வயது மூப்பு. அம்மா வேளைக்கே கண்ணை மூடிவிட்டதால் என்னை வளர்த்தது அவர்தான். முல்லைத்தீவுக் கரையில் இருந்த குடும்பம் இடம்பெயர்ந்து தண்ணீரூற்றுக்குப் போய், அங்கிருந்து புதுக்குடியிருப்புக்குப் போனது. ஒவ்வொரு தரமும் மற்றவர்கள் அலுமாரியையும் கதிரையையும் ட்ரக்டரில் ஏற்ற, அக்கா முதலில் ஏற்றியது எங்கள் விளையாட்டுக் கழகத்தின் ஜேர்சி மூட்டையை. மஞ்சள் ஜேர்சிகள். அவற்றைத் தோய்க்கும்படி யாரும் அவரிடம் கேட்கவில்லை. தன்பாட்டில் எடுத்துக்கொண்ட வேலை. சவர்க்காரம் தட்டுப்பாடான காலத்தில் வீட்டு உடுப்புகளைப் பனங்காயில் தோய்த்துவிட்டு, கிடைத்த சவர்க்காரக் கட்டியை ஜேர்சிக்கு வைத்துக்கொள்வார். அத்தான் மரியநாயகம் பனங்காய் வாசத்தோடு கடற்கரைக்குப் போவார். ஒரு சொல் சொல்லமாட்டார்.

ஆட்டம் என்றால் அக்கா எதிர் அணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பார். கையில் செபமாலை இருக்கும். எங்களுக்குத் தண்டனை உதை கிடைத்தால் மந்திரம் வேகமாகும். ஒருநாள் பங்குத்தந்தை அவரைக் கூப்பிட்டார்.

"பிலோமினா, செபமாலையை மைதானத்துக்குக் கொண்டு வராதேங்கோ. நல்லாயில்லை."

"ஏன் பாதர், மாதா பந்தடி பாக்கமாட்டாவோ?"

பாதர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவரும் எங்கள் பக்கம்தான்.

பொருளாதாரத் தடை வந்து பற்றரி கிடைக்காமல் போன அந்த முதல் வருடம் உலகக் கிண்ணம் நடந்தது. முற்றத்தில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் கொடுத்து, அக்கா கையால் பெடலைச் சுற்றினார். ஊரே சுற்றி நின்றது. வர்ணனை இங்கிலீஷில். அக்காவுக்கு ஒரு சொல் விளங்காது, நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரேசில் தோற்றுவிட்டது என்று சொன்ன அந்தக் கணமே அக்கா பெடலை விட்டார். வானொலி அப்படியே வாயை மூடிக்கொண்டது. மிச்ச ஆட்கள் கெஞ்சியும் அவர் சுற்றவில்லை.

அந்த வருடக் கடைசியில், முதல் பிள்ளை வயிற்றில் இருந்த ஜெயந்தியோடு நான் வெளிக்கிட்டேன். பையில் என்னுடைய ஏழாம் இலக்க ஜேர்சியை மடித்து வைத்திருந்தேன். அக்கா அதை வெளியே எடுத்தார்.

"இது இஞ்ச கிடக்கட்டும். நீ வந்து போடு. நான் தோய்ச்சு வைக்கிறன்."

3

வந்து போட முடியவில்லை. என் அகதி வழக்கு வென்று கன காலம். ஆனாலும் நிரந்தர வதிவிடப் பத்திரம் வரவில்லை. நான் நான்தான் என்பதற்கு அத்தாட்சி போதாதாம். முல்லைத்தீவுக் கச்சேரி அலுவலகத்திலிருந்து பிறப்புப் பதிவைக் கொண்டுவா என்கிறார்கள். கச்சேரிக் கட்டிடமே இல்லை என்றால், அப்படியானால் கட்டிடம் இல்லையென்று கச்சேரியிடம் கடிதம் வாங்கிவா என்கிறார்கள். பிரெஞ்சில் வரும் இந்தக் கடிதங்களை என் மகள் நிரோஜா வாசித்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லுவாள். "அப்பா, அவை உங்களை இன்னும் நம்பேல்லை." அந்தப் பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே வர முடியாது.

பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்தவர்கள். என் அக்காவை, தங்கள் மாமியை, அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. வன்னிக்குத் தொலைபேசி இல்லை. மகன் டிலானுக்கு ஆறு வயது. மாமி என்பது மேசையில் இருக்கும் ஒரு மங்கலான படம் அவனுக்கு.

போன சித்திரையில் அக்காவிடமிருந்து வந்த கடிதத்தில், கிண்ணம் கொடுக்க ஆளில்லாமல் ஊரில் இரண்டு வருடமாகச் சுற்றுப்போட்டி நடக்கவில்லை என்று எழுதியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஆவணியில் வவுனியாவில் இருக்கும் மச்சான் மூலம், ஜெயந்தியின் தம்பி அவன், ஒரு நல்ல வெற்றிக் கிண்ணம் வாங்கி வன்னிக்குள்ளே அனுப்பினேன். ஒரேயொரு நிபந்தனை வைத்தேன். பிரதம விருந்தினர், அதிபர் என்று யாரும் வேண்டாம். கிண்ணத்தை அக்காதான் தன் கையால் கொடுக்கவேணும். முடிந்தால் வீடியோ எடுத்து அனுப்பவேணும். இதையெல்லாம் நான் தொலைபேசியில் மச்சானுக்கு உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜெயந்தி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

பிறகு அத்தானிடமிருந்து இரண்டு வரி வந்தது. போட்டி நன்றாக நடந்தது, வீடியோ எடுக்க வசதிப்படவில்லை, எல்லாரும் சுகம்.

4

ஆனால் வீடியோ வந்துவிட்டது. கொண்டுவந்தவர் றீற்றா. புதுக்குடியிருப்பில் அக்காவின் பக்கத்து வளவுக்காரி. கணவனோடு சேர இந்தத் தை மாதம்தான் மொன்றியலுக்கு வந்தவர். பூசை முடிந்து கோவில் வாசலில் என்னைத் தேடிப் பிடித்தார்.

"அண்ணை, கழகத்துப் பெடியள் தந்துவிட்டவங்கள். தடைமுகாமில ஆமிக்குக் கலியாண வீடியோ எண்டு சொல்லித்தான் கொண்டந்தனான். உங்களைப் பற்றித்தான் ஊரெல்லாம் கதை. வேற ஆர் அப்பிடிச் செய்வினம்?"

அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு கிண்ணத்துக்கு இவ்வளவா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஊர் வீடியோ நாடா இங்குள்ள கருவியில் ஓடாது. அதை மாற்றித் தருவதற்கென்று ஒரு தமிழ்க் கடை இருக்கிறது. சனிக்கிழமை காலை எடுக்கப் போனபோது கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் நாடாவை நீட்டினார். காசை வாங்கவில்லை. "கொண்டு போங்கோ அண்ணை. தனிய இருந்து பாருங்கோ" என்றார். நான் சிரித்தேன். தனிய இருந்து பார்க்கிற ஆளா நான்? பிறகுதான் விளங்கியது, மாற்றும்போது அவர் முழுவதையும் பார்த்திருக்கிறார்.

வீட்டில் ஜெயந்தி ஒத்துக்கொள்ளவில்லை. "இண்டைக்கு வேண்டாமப்பா. பிள்ளையளுக்குப் படிப்பு இருக்கு." "நாளைக்குப் பூசைக்குப் பிறகு பாப்பம்." "முதல் நீங்கள் சாப்பிடுங்கோ." நான் கேட்கவில்லை. அன்றைக்குத் தொலைக்காட்சியில் நடந்த பெரிய ஆட்டத்தையே நிறுத்தினேன். என் வாழ்க்கையில் அது முதல் தரம். பிள்ளைகளை இரண்டு பக்கமும் இருத்தினேன்.

"இப்ப பாருங்கோ, மாமி வருவா. மஞ்சள் ஜேர்சிக்காரருக்குக் கப் குடுப்பா."

படம் ஓடத் தொடங்கியது. ஜெனரேற்றர் இரைச்சல். ஒலிபெருக்கியில் யாரோ தொண்டையைச் செருமினார். செம்மண் மைதானம், வெயில், சனம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு பனைகளுக்கு நடுவில் ஒரு துணிப் பதாகை தெரிந்தது. நிரோஜா சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அப்போதுதான் எழுத்தெல்லாம் முடித்திருந்தாள். எனக்குப் பெருமை. "எங்க, வாசி பாப்பம்" என்றேன்.

அவள் எழும்பித் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய், திரையில் விரலை வைத்து வாசித்தாள்.

"அ... ம... ரர். அமரர். பி... லோ... பிலோமினா. மரிய... நாயகம். ஞா... பகார்த்த... வெற்றிக் கிண்ணம்."

திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அமரர் எண்டா என்ன?"

பதாகையில் பிழையாக எழுதிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இந்தக் கழுதைகளுக்கு ஒரு பதாகைகூட ஒழுங்காக எழுதத் தெரியாதா என்று கோபம் வந்தது. பிறகு கமெரா மேசைக்குப் போனது. அங்கே கிண்ணம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அக்காவின் படம். படத்துக்கு மாலை. படத்தின் முன்னால் ஒரு பழைய மஞ்சள் ஜேர்சி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ஒலிபெருக்கி சொன்னது: "தனது அன்புச் சகோதரியின் நினைவாக இக்கிண்ணத்தை அன்பளிப்புச் செய்த, கனடாவில் வாழும் எமது கழகத்தின் முன்னாள் வலப்புற ஆட்டக்காரர் செபஸ்தி அவர்களுக்கு எமது நன்றி. ஊரைவிட்டுப் போனாலும் உறவை மறவாத உள்ளம் அவருடையது."

சனம் கை தட்டியது. எனக்குத் தட்டியது. பிறகு எல்லாரும் எழுந்து தலை குனிந்து மௌன அஞ்சலி செலுத்தினார்கள். ஜெனரேற்றர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

உயிரோடு இருக்கிற அக்கா கொடுக்கவேண்டும் என்று நான் அனுப்பிய கிண்ணத்தை, செத்துப்போன அக்காவுக்காக நான் கொடுத்த கிண்ணம் என்று ஊர் முழுவதும் நம்பியிருந்தது. நான் அழுதிருப்பேன், பூசை கொடுத்திருப்பேன், பிறகு யோசித்துக் கிண்ணம் அனுப்பியிருப்பேன் என்று நினைத்திருந்தது. அந்தக் கைதட்டல் நடந்த நேரம் நான் இங்கே எந்த அணி எந்த ஆட்டக்காரனை வாங்குகிறது என்று பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்திருப்பேன். டிலான் மட்டும் திரையைப் பார்த்தபடி கேட்டான்: "மாமி எப்ப வருவா?"

5

திரும்பி ஜெயந்தியைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப?"

"ஆனியில. தம்பி வவுனியாவில இருந்து ரெலிபோன் எடுத்தவன். நீங்கள் வேலையில."

மலேரியா மூளைக்கு ஏறிவிட்டதாம். வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பயண அனுமதிப் பாஸ் கேட்டுக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டதாம். அத்தானும் மச்சானும் ஜெயந்தியும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள், என் பத்திரம் வரும்வரைக்கும் சொல்லுவதில்லையென்று. சொன்னால் நான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவேனாம், பிறகு இந்தப் பிள்ளைகளின் கதி என்ன என்று.

"பூசை?" என்று கேட்டேன். "முப்பத்தோராம் நாள் பூசைகூட இல்லையோ என்ர அக்காவுக்கு?"

அவள் எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தினாள்.

"குடுத்தனான். உலகக் கிண்ண ஃபைனல் நடந்த ஞாயிற்றுக்கிழமை. அண்டைக்கு நீங்கள் கோயிலுக்கு வரமாட்டியள் எண்டு தெரியும்."

அன்றைக்கு மூன்று மணிக்குத்தான் இறுதியாட்டமும். ஜெயந்தி நிரோஜாவைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போனாள். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள், அதுகூட எனக்கு நினைவிருக்கிறது. நான் பிரேசிலின் மஞ்சள் ஜேர்சி போட்டுக்கொண்டு இதே கதிரையில் இருந்தேன். டிலான் பிரெஞ்சுக்காரருக்குத் துள்ள, அவனோடு சண்டை பிடித்தேன். அதே நேரம் கோவிலில் பாதர் என் அக்காவின் பெயரைச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு கோவிலில் நடந்ததும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லாரும் என்னிடம் வந்து கையைப் பிடித்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை, பிடித்து அழுத்திவிட்டுப் போனார்கள். என்னிடம் சொல்லவேண்டாம் என்று ஜெயந்தி எல்லாரிடமும் கேட்டிருக்கிறாள். ஒரு வயதானவர் மட்டும் தாங்காமல், "என்ன செய்யிறது தம்பி, ஆண்டவரின்ர சித்தம்" என்றார். நான் பிரேசில் தோற்றதைத்தான் சொல்லுகிறார் என்று நினைத்தேன். "அப்பிடியில்லை ஐயா, பின்வரிசை சரியில்லை" என்று அவருக்கு நின்று விளக்கம் கொடுத்தேன். அவர் என்னை என்னவென்று நினைத்திருப்பார்?

ஜெயந்தியைக் கண்டபடி ஏசினேன். எட்டு மாதம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். அக்காவுக்கு நத்தார்ப் பண்டிகைச் சேலை எடுக்கப் போனபோது என்னோடு கடை கடையாக ஏறி இறங்கி நிறம் பார்த்தவள் இவள். "பொய்க்காரி" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. அவள் மேசையிலிருந்த சோற்றை மூடி வைத்தாள்.

6

அடுத்த நாள் வாசகம் வாசிப்பது என் முறை. போகமாட்டேன் என்றேன். பிறகு றீற்றாவின் நினைவு வந்தது. அக்காவின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்த ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார். போனேன். ஜெயந்தி காரில் பின் இருக்கையில் பிள்ளைகளோடு இருந்தாள்.

வாசகத்தை வாசித்தேன். எதை வாசித்தேன் என்று தெரியாது. பூசை முடிந்ததும் றீற்றாவை ஒரு பக்கம் கூப்பிட்டு, எனக்கு நேற்றுத்தான் தெரியும் என்று சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ அண்ணை. மாதாவே. நான் என்ன வேலை செய்துபோட்டன்."

"அதை விடுங்கோ. அக்கா கடைசியில ஏதும் சொன்னவாவோ?"

றீற்றா சால்வை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"உங்களைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தவா. தம்பி வந்திட்டானோ, தம்பி வந்திட்டானோ எண்டு ஒரே கேள்வி. உங்கட அத்தானால ஒண்டும் சொல்லேலாமல் வெளியில போய் நிண்டிட்டார். கடைசியில நான்தான் சொன்னனான் அண்ணை. செபஸ்தியண்ணை வவுனியாவுக்கு வந்திட்டார், பாஸ் கிடைச்ச உடன வருவார் எண்டு. வேற என்னத்தைச் சொல்லுறது?"

"நம்பினவாவோ?"

"நம்பினவா. உடன எழும்பி இருந்தவா. ரெண்டு நாளாத் தலை தூக்காத மனிசி. அலுமாரியைத் திறக்கச் சொல்லி உங்கட ஜேர்சியை எடுத்து, கிணத்தடிக்குப் போய்த் தன்ர கையாலதான் தோய்ச்சவா. நான் தோய்ச்சுத் தாறன் எண்டு கேக்க விடேல்லை. வந்து படுத்தாப்பிறகு, காய்ஞ்சிட்டுதோ, காய்ஞ்சிட்டுதோ எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தவா. காய்ஞ்சிட்டுது அக்கா எண்டன். அப்ப அது சொட்டச் சொட்ட ஈரம்."

படத்தின் முன்னால் மேசையில் மடித்து வைத்திருந்த அந்த மஞ்சள் ஜேர்சி என்னுடையது.

றீற்றா என்னிடம் மன்னிப்புக் கேட்டார், பொய் சொன்னதற்காக. எனக்கு அவர் காலில் விழவேண்டும்போல் இருந்தது. "நல்லதுதான் செய்திருக்கிறியள்" என்றேன். அப்படிச் சொன்ன பிறகு, முதல் நாள் நான் ஜெயந்தியை ஏசிய ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து என் நெஞ்சில் நின்றது.

காருக்கு வந்தேன். ஜெயந்தி இப்போது முன் இருக்கைக்கு மாறியிருந்தாள். கண்ணாடியில் படிந்த பனியை யாரோ வழித்து வைத்திருந்தார்கள். அவள்தான் வழித்திருக்கவேண்டும், கை சிவந்திருந்தது. நான் ஏறி இருந்து சாவியைப் போட்டேன்.

"றீற்றா என்னவாம்?" என்று மெல்லக் கேட்டாள். "அக்கா கடைசியில கஷ்டப்பட்டவாவாமோ?"

அவள் எட்டு மாதம் தனியாகச் சுமந்த முகம் அது. நான் அதை அப்போதுதான் பார்த்தேன்.

"இல்லையாம்" என்றேன். "நித்திரையிலேயே போனவாவாம்."